லிங்க்ட்இன் இணைப்பு: எங்கே இருக்கிறது? நம் பெயருக்கு எப்படி மாற்றுவது?

இணையம் வழி நிரப்பும் வேலை விண்ணப்பப் பாரங்களில், பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் ஆகியவற்றுக்குக் கீழே 'லிங்க்ட்இன் இணைப்பு' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சிலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். சிலர் தளத்தின் பெயரை மட்டும் எழுதி முடித்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர், தங்கள் கைப்பேசித் திரையில் அந்த நேரத்தில் திறந்திருக்கும் முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த முகவரி பெரும்பாலும் தளத்தின் முகப்புக்கு உரியது. அதை அழுத்தும் மனிதவள அதிகாரிக்கு விண்ணப்பதாரரின் பக்கம் திறக்காது. அதிகாரியின் சொந்த முகப்புதான் வந்து நிற்கும்.

விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும் மேசையில் இரண்டாவது முறை தேடிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. டிப்ளோமாவும் இரண்டு ஆண்டு அனுபவமும் கையில் வைத்திருக்கும் பிள்ளை, இந்த ஒற்றை வரியைச் சரியாக எழுதாததால் யாரென்றே தெரியாமல் போகலாம். செலவில்லாமல், பத்தே நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய விஷயம் இது.

லிங்க்ட்இன் என்பது வேலை, தொழில் தொடர்புகளுக்கான சமூகத் தளம். 2002-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் உருவாகி, 2003 மே 5-ஆம் தேதி செயல்படத் தொடங்கியது. 2016-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இதை 2,620 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அடிப்படைக் கணக்கு இலவசம். 16 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவர்களும் தாராளமாகத் திறக்கலாம். திரையை மலாய் மொழிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு.

முகநூலில் பட்டப்பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே எடுபடாது. சொந்தப் பெயரில், ஒருவருக்கு ஒரே ஒரு கணக்கு என்பது தளத்தின் விதி.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு முகவரியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாத நாளில், கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணியார் பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்தால் நேர்முகத் தேர்வுக் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கதைகளும் உண்டு. லிங்க்ட்இன் இணைப்பும் அத்தகைய முகவரிதான். ஆனால், இங்கே பிரித்துக் கொடுக்கக் கிராணியார் இல்லை. முகவரியே ஆளைச் சரியாகக் காட்ட வேண்டும்.

அந்த இணைப்பின் அமைப்பு

இணைப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலில் தளத்தின் பெயர்: லிங்க்ட்இன் டாட் காம். அடுத்து ஒரு சாய்கோடு, 'இன்' என்ற இரண்டெழுத்து ஆங்கிலச் சொல், மீண்டும் ஒரு சாய்கோடு. மூன்றாவது பகுதிதான் ஆளுக்கு ஆள் மாறுவது. நடுவில் உள்ள 'இன்' தனிநபரைக் குறிக்கிறது. நிறுவனப் பக்கமாக இருந்தால் அந்த இடத்தில் 'கம்பெனி' என்றும், கல்வி நிலையமாக இருந்தால் 'ஸ்கூல்' என்றும் இருக்கும். உணவகம், லாரிப் போக்குவரத்து, கணக்கியல் சேவை என்று சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தர வேண்டியது நிறுவன இணைப்பு. வங்கி அதிகாரியோ தொழில் பங்காளியோ ஆளைத் தெரிந்துகொள்ளக் கேட்டால் தர வேண்டியது 'இன்' உள்ள இணைப்பு.

கணக்குத் திறந்தவுடன் மூன்றாவது பகுதியைத் தளமே நிரப்பிவிடும். பெயரின் இரண்டு பகுதிகளையும் சிறுகோட்டால் இணைத்து, அதன் பின்னால் எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு வாலையும் ஒட்டிவிடும். அந்த வாலுக்குப் பொருள் எதுவும் இல்லை. ஒரே பெயர் கொண்ட பலரை வேறுபடுத்துவதற்காக இயந்திரம் போடும் அடையாளம், அவ்வளவுதான். இணைப்பை அழுத்தினால் பக்கம் சரியாகவே திறக்கும். ஆனால், தாளில் அச்சிட்ட விண்ணப்பத்தைப் பார்த்து ஒருவர் அதைக் கையால் தட்ட நேர்ந்தால் சிக்கல். சுழியமா 'ஓ' எழுத்தா, ஒன்றா 'எல்' எழுத்தா என்ற குழப்பத்திலேயே முயற்சியைக் கைவிட்டுவிடுவார்.

கண்டுபிடிக்கும் வழி

கணினியில் சுலபம். தளத்துக்குள் நுழைந்து, மேல் வரிசையில் தமது சிறிய படத்தோடு இருக்கும் 'மீ' என்ற குறியை அழுத்தி, 'வியூ புரொஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சொந்தப் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தின் வலப்புறத்தில் 'பப்ளிக் புரொஃபைல் அண்ட் யுஆர்எல்' என்ற தலைப்பின் கீழ் இணைப்பு தெரியும். சொந்தப் பக்கம் திறந்திருக்கும்போது உலாவியின் முகவரிப் பட்டையிலும் அதே இணைப்பைக் காணலாம்.

கணினி இல்லாத வீடுகளும் உண்டு என்பதால் கைப்பேசி வழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செயலியைத் திறந்து, மேல் மூலையில் உள்ள தமது படத்தைத் தொட்டு, 'வியூ புரொஃபைல்' என்பதற்குப் போக வேண்டும். பெயருக்குக் கீழே உள்ள பொத்தான்களின் வரிசையில் மூன்று புள்ளிகள் கொண்ட குறி ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் விரியும் பட்டியலில் 'காண்டாக்ட் இன்ஃபோ' உண்டு. அதற்குள் மின்னஞ்சலோடு இணைப்பும் இருக்கும். அங்கிருந்தே நகலெடுக்கலாம், புலனத்திலும் அனுப்பலாம். பொத்தான்களின் இடத்தைத் தளம் அவ்வப்போது மாற்றி அமைக்கிறது என்பதால், சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் அதே பெயரைச் சற்று மேலும் கீழும் தேடிப் பார்க்க வேண்டும்.

செயலியின் 'பகிர்' வசதி வழியாக எடுக்கும் இணைப்பில் ஒரு தொல்லை இருக்கிறது. பெயர்ப் பகுதி முடிந்த பிறகு ஒரு கேள்விக்குறி, அதைத் தொடர்ந்து நீளமான ஆங்கில வரி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கருவியிலிருந்து, எந்த வழியில் பகிரப்பட்டது என்று தளம் கணக்கு வைத்துக்கொள்வதற்கான குறிப்பு அது. விண்ணப்பத்தில் எழுதும்போது கேள்விக்குறி முதல் கடைசி வரை அழித்துவிடலாம். இணைப்பு வேலை செய்யும்.

இன்னொன்று. பெயர்ப் பகுதி இருக்க வேண்டிய இடத்தில் 'மீ' என்று மட்டும் தட்டினால், யார் தட்டுகிறாரோ அவருடைய சொந்தப் பக்கத்துக்கே தளம் அழைத்துப் போகும். தம் பக்கத்தை விரைவாகத் திறக்க நல்ல குறுக்கு வழி. ஆனால், அதையே விண்ணப்பத்தில் எழுதிவிடக் கூடாது. பெறுகிறவர் அழுத்தினால் அவருடைய முகத்தைத்தான் அவர் பார்ப்பார்.

கூகுளில் பெயரைத் தேடும்போது, தளப் பெயருக்கு முன்னால் மலேசியாவைக் குறிக்கும் 'எம்-ஒய்' அல்லது சிங்கப்பூரைக் குறிக்கும் 'எஸ்-ஜி' என்ற எழுத்துகளோடு அதே பக்கம் வரக்கூடும். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒரே பக்கம்தான்.

மாற்றும் வழி

கணினியில், வலப்புறம் இணைப்பு தெரிகிற அதே இடத்தில் பென்சில் குறி இருக்கிறது. அதை அழுத்தினால் பொதுப் பக்கத்துக்கான அமைப்புகள் தனியாகத் திறக்கும். அங்கே வலப்புறத்தில் 'எடிட் யுவர் கஸ்டம் யுஆர்எல்' என்ற தலைப்பும், அதன் கீழே தற்போதைய இணைப்பும், பக்கத்தில் இன்னொரு பென்சில் குறியும் இருக்கும். அந்த இரண்டாவது பென்சிலை அழுத்தினால்தான் பெயர்ப் பகுதியை அழித்து எழுத முடியும். விரும்பிய பெயரைத் தட்டி 'சேவ்' கொடுத்தால் வேலை முடிந்தது. பலர் முதல் பென்சிலோடு நின்றுவிட்டு, மாற்ற முடியவில்லை என்று சொல்வதுண்டு.

கைப்பேசியில், படத்தைத் தொட்டு 'செட்டிங்ஸ்' போய், 'விசிபிலிட்டி' என்ற பிரிவில் 'எடிட் யுவர் பப்ளிக் புரொஃபைல்' என்பதைத் தொட வேண்டும். அதே அமைப்புப் பக்கம் திறக்கும். மீதி எல்லாம் மேலே சொன்னதுதான்.

விதிகள் அதிகமில்லை. பெயர்ப் பகுதியில் குறைந்தது 3, அதிகம் போனால் 100 எழுத்துகளோ எண்களோ இருக்கலாம். இடைவெளி கூடாது, சிறப்புக் குறிகள் கூடாது. சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் சிறுகோடு போதும். 'லிங்க்ட்இன்' என்ற சொல்லை அதற்குள் பயன்படுத்த முடியாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. எப்படித் தட்டினாலும் ஒரே பக்கம்தான் வரும். முந்தியவருக்கே பெயர். ஒருவர் எடுத்துவிட்ட பெயரைத் தளத்திடம் கேட்டும் பெற முடியாது. ஆறு மாதத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது என்பதால், விளையாட்டாக மாற்றி மாற்றிப் பார்ப்பது நல்லதல்ல. பக்கத்தில் உள்ள பெயரைத் திருத்தினால் இணைப்பும் தானாகத் திருந்தும் என்று எண்ணக் கூடாது. இரண்டும் தனித்தனி.

எந்தப் பெயர்? எந்த எழுத்து?

பொத்தான் அழுத்துவது இரண்டு நிமிட வேலை. மலேசியத் தமிழர்களுக்கு உண்மையான யோசனை பெயரில்தான் இருக்கிறது. குடும்பப் பெயர் உள்ள மக்களை மனத்தில் வைத்து உருவான தளம் இது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். நம் வழக்கத்தில் இருப்பதோ சொந்தப் பெயரும் தந்தை பெயரும். மைகார்டில் இரண்டுக்கும் நடுவே ஆண்களுக்கு 'ஏ சாய்கோடு எல்', பெண்களுக்கு 'ஏ சாய்கோடு பி'. சிங்கப்பூரில் அதுவே 'எஸ் சாய்கோடு ஓ', 'டி சாய்கோடு ஓ'. மகன், மகள் என்பதைக் குறிக்கும் இந்தச் சாய்கோடு, அரசாங்கப் பத்திரத்தில் இயல்பாக உட்கார்ந்திருக்கிறது. இணைய முகவரியில் அதற்கு வேறு வேலை: ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்குகிறது என்று பொருள். எனவே, பெயர்ப் பகுதிக்குள் சாய்கோட்டைத் தளம் ஏற்காது. சாய்கோட்டை மட்டும் நீக்கிவிட்டு 'ஏ-எல்' என்ற எழுத்துகளை நடுவில் விட்டு வைத்தால், அறியாதவர் அதைப் பெயரின் பகுதியாகவே படிப்பார். 'அல்' என்று தொடங்கும் அரபுப் பெயரோ என்றுகூட நினைப்பார். இரண்டு எழுத்தையும் விட்டுவிட்டு, சொந்தப் பெயர், சிறுகோடு, தந்தை பெயர் என்று எழுதுவதே தெளிவு.

அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டல். பிறப்புப் பதிவின்போது, தமிழ் தெரியாத அலுவலர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களோடு ஒரு தலைமுறையே வாழ்ந்துவிட்டது. லட்சுமி பத்திரத்தில் 'லெச்சுமி' ஆனார். கடைசி எழுத்து ஒரு வீட்டில் 'ஐ', அடுத்த வீட்டில் 'ஒய்'. சுப்பிரமணியம் ஒருவருக்கு 'பி' எழுத்தோடும் இன்னொருவருக்கு 'பீ' ஒலிக்கும் எழுத்து மாறியும் பதிவானது. யாழினியின் 'ழ'வுக்கு ஒருவர் 'இசட்-எச்' போட்டார், ஒருவர் 'எல்' போட்டார். ஒரே தந்தையின் பெயர் அண்ணன் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் தங்கை அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ.

தமிழ் ஒலிப்புக்குச் சரியான எழுத்துக்கூட்டலை இணைப்பிலாவது வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை வருவது இயல்பு. பெயர் மீது பற்றுள்ள பிள்ளைகள் அப்படிச் செய்வதில் தவறு காண முடியாது. ஆனால், வேலைக்காக என்றால் மைகார்டிலும் எஸ்பிஎம் சான்றிதழிலும் பட்டச் சான்றிதழிலும் உள்ள எழுத்தே பாதுகாப்பானது. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அதிகாரி மூன்று இடத்தில் மூன்று எழுத்துக்கூட்டலைக் கண்டால், மூன்று ஆட்கள் என்று நினைத்தாலும் நினைப்பார். பெயருக்கு நியாயம் செய்யும் இடம் வேறு இருக்கிறது. பக்கத்தில் உள்ள 'அபவுட்' பகுதியில் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம், அழகாகத் தெரியும்.

இணைப்பிலேயே தமிழ் எழுத்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். செல்லினம் விசைப்பலகையில் தமிழில் தட்டிப் பழகியவர்களுக்கு அந்த எண்ணம் வரும். இணைய முகவரிகள் ஆங்கில எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டவை. தமிழ் எழுத்து அதில் வந்தால், நகலெடுத்து ஒட்டும்போது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக உருமாறும். 'க' என்ற ஒரே எழுத்து ஒன்பது குறிகளாக நீளும். 'கி' என்றால் 'க'வுக்கு ஒன்பது, இகரக் குறிக்கு ஒன்பது, ஆக 18. ஐந்தெழுத்துப் பெயர் விண்ணப்பத்தில் இரண்டு வரி பிடிக்கும். இணைப்புக்கு மட்டும் ஆங்கில விசைப்பலகைக்கு மாறிக்கொள்வதே வழி.

திருமணமான பெண்கள் ஒன்றை யோசித்து முடிவு செய்ய வேண்டும். அன்றாடப் பழக்கத்தில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டாலும், அடையாள அட்டையிலும் சான்றிதழிலும் தந்தை பெயரே தொடர்வது வழக்கம். இணைப்பில் சான்றிதழ்ப் பெயர் இருப்பது வசதி. தந்தை பெயரைச் சுமக்க விரும்பாதவர்களும் சமூகத்தில் உண்டு. வளர்த்த தாயின் உழைப்பை மட்டுமே அறிந்த பிள்ளைகள் அவர்கள். இணைப்பில் தந்தை பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சொந்தப் பெயரோடு தொழிலைச் சேர்த்தால் போதும்.

விரும்பிய பெயரை யாரோ எடுத்துவிட்டால்? குமார், பிரகாஷ், கவிதா போன்ற பெயர்கள் தனியாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதே பெயர்கள் நிறைந்திருக்கின்றன. தந்தை பெயரை முழுமையாகச் சேர்ப்பது முதல் வழி. முனியாண்டி, லெச்சுமணன் என்று மலேசியப் பதிவேட்டுக்கே உரிய எழுத்துக்கூட்டல் இங்கே கைகொடுக்கும். பத்திரத்தில் இருக்கும் அந்த 'விசித்திர' எழுத்து உலகில் வேறு பலரிடம் இராது! அதுவும் கிடைக்காவிட்டால் தந்தை பெயரை முன்னால் கொண்டுவரலாம், அல்லது கடைசியில் தொழிலைச் சேர்க்கலாம்: தாதி, வெல்டர், கணக்காய்வாளர் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொல். ஊர்ப் பெயர் சேர்ப்பது அவ்வளவு சிறப்பில்லை. தைப்பிங்கில் இருப்பவர் அடுத்த ஆண்டு ஜொகூர் பாருவுக்குப் போய் அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரலாம். ஊர் மாறினாலும் தொழில் அவ்வளவு எளிதில் மாறாது.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. பிறந்த ஆண்டை ஒட்டுவது பலருடைய வழக்கம், மின்னஞ்சல் முகவரி வைத்த அதே பழக்கம். அது வயதைச் சொல்லாமல் சொல்லிவிடும். மைகார்டின் 12 எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். ஆண்டை இணைப்பிலும், பிறந்த நாளையும் ஊரையும் முகநூலிலும் போட்டுவிட்டால் எட்டு எண்கள் வெளியே தெரிந்துவிட்டதாகப் பொருள். கைப்பேசி எண்ணையும் ஒட்டக் கூடாது. அதிர்ஷ்ட எண் சேர்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டுவது அவரவர் விருப்பம், சான்றிதழோடு ஒத்துப்போனால் சரி.

யார் பார்க்கிறார்கள்?

இணைப்பை மாற்றும் அதே பக்கத்தில் கீழே இறங்கினால், வெளியார் எதைப் பார்க்கலாம் என்பதற்கான பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன. தளத்துக்குள் நுழையாதவர்களுக்கும் கூகுள் தேடலுக்கும் பக்கத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பதை அங்கே முடிவு செய்யலாம். படம், கல்வி, வேலை அனுபவம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. பெண் பிள்ளைகள் படத்தைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆனால், பொதுப் பக்கத்தையே மூடி வைத்துவிட்டு இணைப்பை மட்டும் விண்ணப்பத்தில் எழுதினால் பயன் குறைந்துவிடும். வேலை தேடும் காலத்தில் திறந்து வைத்து, கிடைத்த பிறகு விருப்பப்படி சுருக்கிக்கொள்ளலாம். கூகுளில் தெரியும் பழைய விவரம் மறைய நாள் பிடிக்கும். அது தேடுபொறியின் கையில் இருக்கிறது.

சரிபார்க்க ஓர் எளிய சோதனை: உலாவியில் மறைநிலைப் பக்கம் ஒன்றைத் திறந்து இணைப்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். சில நேரம் உள்ளே நுழையச் சொல்லித் தளம் கேட்கும். அது இணைப்பின் குறையல்ல. கணக்கு வைத்திருக்கும் நண்பருக்குப் புலனத்தில் அனுப்பிச் சரியான பக்கம்தான் வருகிறதா என்று கேட்பது இன்னும் நல்லது.

கணக்கைத் திறந்த மின்னஞ்சல் எது என்பதையும் இந்தச் சமயத்தில் பார்த்துவிட வேண்டும். அலுவலக மின்னஞ்சலில் திறந்தவர்கள், வேலையை விட்ட நாளில் கணக்கின் சாவியையும் சேர்த்து விட்டுவர நேரிடும். சொந்த மின்னஞ்சல் ஒன்றைச் சேர்த்து அதையே முதன்மையாக ஆக்கிக்கொள்ள வேண்டும். கல்லூரி மின்னஞ்சலும் அப்படித்தான்; படிப்பு முடிந்தபின் எவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கடவுச்சொல் மறந்து போய்ப் புதுக் கணக்குத் திறந்தவர்களுக்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கும். அவர்கள் விரும்பும் பெயரை அவர்களுடைய பழைய கணக்கே பிடித்து வைத்திருக்கும். பழைய கணக்கை மீட்டெடுத்து, இரண்டில் ஒன்றை மூடுவதுதான் தீர்வு.

மாற்றிய பிறகு

பழைய இணைப்பு எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் புதியதை மாற்ற வேண்டும். தன்விவரக் குறிப்பு, மின்னஞ்சலின் கீழ்க்குறிப்பு, பெயர் அட்டை, ஜாப்ஸ்ட்ரீட் கணக்கு, பெர்கெசோவின் கீழ் இயங்கும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் ஏற்றி வைத்த கோப்பு ஆகியவை முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. பழைய இணைப்பு என்றைக்கும் புதிய பக்கத்துக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பெயர் அட்டை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் இணைப்பை மாற்றுவதே செலவைக் குறைக்கும்.

தன்விவரக் குறிப்பில் பெயருக்குக் கீழே, கைப்பேசி எண் இருக்கும் வரியிலேயே இணைப்பை எழுதலாம். முன்னால் வரும் நீண்ட தொடக்கம் தேவையில்லை. தளப் பெயரிலிருந்து தொடங்கினால் போதும். வரி மடங்கிப் பாதி இணைப்பு கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைவாய்ப்புச் சந்தைகளுக்குப் போகிறவர்கள் செயலியின் தேடல் பட்டையில் உள்ள கியூஆர் குறியைத் திறந்து வைத்துக்கொண்டால், முகப்பில் நிற்கும் நிறுவன அதிகாரி தம் கைப்பேசியால் படமெடுத்தவுடன் பக்கம் திறக்கும்.

குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே இந்தத் தளம் என்ற எண்ணம் தோட்டங்களிலும் புறநகர்களிலும் இன்னும் இருக்கிறது. எஸ்கேஎம் சான்றிதழ் பெற்ற வெல்டர், சுருஹான்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்றிதழ் உள்ள சார்ஜ்மேன், கனரக வாகன ஓட்டுநர் ஆகியோரையும் நிறுவனங்கள் இதே தளத்தில் தேடுகின்றன. அத்தகையவர்கள் அங்கே குறைவாக இருப்பதே அவர்களுக்குச் சாதகம். முன்பெல்லாம் பட்டணத்தில் மாமாவோ சித்தப்பாவோ வேலையில் இருந்தால்தான் உள்ளே நுழைய வழி கிடைக்கும். அந்த ஆள்பலம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த இணைப்பு ஓரளவு உதவும். பக்கத்தில் படிப்பும் பயிற்சியும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால்.

இணைப்பு வெளியே போனால் நல்லவர்கள் மட்டும் வரமாட்டார்கள். வெளிநாட்டில் வேலை, வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை என்று குறுஞ்செய்தி அனுப்பி, சில வரிகளிலேயே பேச்சை டெலிகிராமுக்கு மாற்றச் சொல்லும் ஆட்களும் வருவார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், விசாக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம். முன்பே புகார் இருந்தால் காட்டும். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு வீட்டில் மறைத்துக்கொண்டிருக்காமல், வங்கிக்கும், 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்துக்கும் உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் தடுக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.